இறாலின் முதுகில் கறுப்பு நூல்

இறால் உரிக்கிற வேலையில் நகம் வளர்வதே இல்லை. கடலோர ஊரான சுங்கை செம்பிலாங்கின் மீன் கொட்டகையில் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகிலுள்ள கறுப்பு நூலை உருவிக்கொண்டே இருக்கிறேன். ஒரு வாளி முடிந்ததும் கையைத் துடைத்து நாலு வரி எழுதுவேன். என்னைப்போல் கை நாறும் அக்காமார்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

கணவாய்த் தகடு

கணவாய்க்குள் கண்ணாடி மாதிரி ஒரு தகடு இருக்கும். முதல் நாள் அதை எடுக்காமலே இரண்டு கூடை கழுவி அடுக்கிவிட்டேன். எலும்பு, இருக்கட்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் நண்டு கழுவும் செல்வி அக்கா எல்லார் முன்னாலும் சொன்னார்: "அதுக்கு ஏதுடி எலும்பு? இல்லாத எலும்ப நீ குடுத்து அனுப்பினா, திங்கிறவன் தொண்டையில நிக்கும்லா."

மகளின் பாடம்

என் மகள் கவிதா பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். "அம்மா, இறாலுக்கு முதுகெலும்பு இருக்கா?" என்று கேட்டாள். நான் ஐந்தாம் ஆண்டோடு நின்றவள். அவள் பாடத்தில் எனக்குப் பதில் தெரிந்த முதல் கேள்வி அது. "இருக்கு, கறுப்பா. தினமும் நான்தானே உருவறேன்" என்றேன்.

மறுநாள் நோட்டில் சிவப்புக் கோடு. இறாலுக்கு உள்ளே எலும்பே கிடையாதாம், வெளி ஓடுதான் உடம்பைத் தாங்குதாம். கறுப்பு நூல் அதன் குடலாம். அழுக்கைப் பிடித்து எலும்பு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கவிதா நோட்டை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா சொன்னாங்கன்னு நான் சார்கிட்ட சொல்லல."

அதற்குப்பிறகு அவள் என்னிடம் பாடம் கேட்கவே இல்லை.

வகுப்பில்

நேற்று கவிதாவின் வகுப்புக்கு முதுகெலும்பில்லாத பிராணிகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஐஸ் பெட்டியோடு போய் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடப் பார்த்தேன். சார் உள்ளே கூப்பிட்டார். ஒரு பிள்ளை மூக்கைப் பொத்தியது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ஓடு கெட்டியா இருந்தா நண்டு எப்படி சார் வளரும்?" என்று ஒரு பையன் கேட்க, சார் என்னைப் பார்த்தார். "பழைய ஓட்ட கழட்டிப் போட்டுடும். புது ஓடு கெட்டியாகிற வரைக்கும் வெளிய வராம ஒளிஞ்சிருக்கும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

வீடு திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து கவிதா கேட்டாள்: "அம்மா, சிப்பிக்குத் தலை இருக்கா?"

இந்த முறை, "பாத்துட்டு சொல்றேன்" என்றேன். இன்று காலை ஒன்பது சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டேன், தலை இல்லை. நண்டாவது ஓடு கெட்டியானதும் வெளியே வந்துவிடுகிறது, முதுகெலும்பு உள்ள நான்தான் இத்தனை நாளும் ஒளிந்து... இதோ, செல்வி அக்கா கூப்பிடுகிறார், அடுத்த வாளி