பூசுகிற கை

இதைக் கேட்ட எல்லாரும் "அன்னைக்கு எவ்வளவு குடிச்சிருந்த?" என்றுதான் கேட்கிறார்கள். காலையில் ஒரு டீ குடித்தேன், அவ்வளவுதான். நடந்தது பட்டப்பகலில். நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் கோபமில்லை.

அந்த மேம்பாலம் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் விரிசல். பாலத்தின் வயிற்றுக்குள் ஆள் நடக்கிற உயரத்தில் நீளமான காலி அறை இருக்கும். அதில்தான் எங்களுக்கு வேலை. மதியம் சோதனைக்கு அதிகாரி வருகிறார், அதற்குள் விரிசலைப் பூசி மறைக்க வேண்டும். மறைக்கிறோம் என்று அவருக்கும் தெரியும். பார்வைக்குப் பளபளவென்று இருந்தால் தலையாட்டிவிட்டுப் போவார்.

எங்கள் தொழிலில் பூசுவதற்கு முன் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். கெட்டியாக இருந்தால் 'டங்' என்று கேட்கும். உள்ளே காலியாக இருந்தால் 'பொத்'. அதைக் கொத்தி எடுத்த பிறகுதான் பூசுகிற கரண்டியைத் தொடுவோம். அன்று கான்ட்ராக்டர் எங்கள் சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"தட்டாதீங்கப்பா. தட்டினா மொத்தமும் கையோட வந்துரும். பூசிட்டு வாங்க."

மணலில் தின்றான், கம்பியில் தின்றான், சிமென்டில் தின்றான். மிச்சத்துக்கு நாங்கள் பவுடர் போட வேண்டுமாம்.

கூட வந்தவன் என் மச்சினன். என்னைவிட நல்ல கொத்தனார். அவன் மனைவி நிறைமாதம். "என் தம்பியப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க" என்று என் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

கீழே இருந்த துவாரம் வழியாக ஏறினோம். உள்ளே கும்மிருட்டு. தலையில் கட்டிய விளக்குதான் துணை. மேலே லாரி போகும்போதெல்லாம் தூசி கொட்டியது. அவன் கடைசி மூலையில் பூசினான். நான் இந்தப் பக்கம் கலவை குழைத்தேன்.

டங்.

"மாப்ள, தட்டாதன்னு சொன்னாருல்ல?"

"நான் எங்க மாமா தட்டுறேன்? நீங்கதான்னு நெனச்சேன்."

டங்... டங்... பொத்.

சத்தம் சுவரோரமாக நகர்ந்தது. தொழில் தெரிந்த கை. 'பொத்' வந்த இடத்தில் நின்றது. அங்கேயே மறுபடி தட்டியது. இன்னும் பலமாக.

மச்சினன் பூசியது பொலபொலவென்று உதிர்ந்தது. அவன் சலித்துக்கொண்டே மறுபடி பூசினான்.

நான் விளக்கை அங்கே திருப்பினேன்.

அவன் பக்கத்தில் ஒருவன் நின்றான். தலையிலிருந்து கால் வரை சாம்பல் நிறம். முதுகு மட்டும் தெரிந்தது. கையில் சுத்தியல்.

"மாப்ள... கைய எடு!"

பொத்.

இந்தத் தடவை அடி விழுந்தது சுவரில் இல்லை.

மச்சினன் அலறினான். சுத்தியல் மறுபடி இறங்கியது... மறுபடி... விரல்கள் நசுங்கிக் கலவையோடு கலந்தன. ரத்தம் என் விளக்கில் தெறித்தது. எல்லாம் சிவப்பு.

அவனைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அவன் கையைச் சுவரோடு சேர்த்து அது அழுத்தியிருந்தது.

கரண்டியால் அதன் தோளில் குத்தினேன். ஈரக் கலவையில் போவதுபோல் உள்ளே போனது.

அது திரும்பியது.

வாய் திறந்திருந்தது. மூச்சு இழுத்தது... கர்ர்... கர்ர்... உள்ளே போகவே இல்லை.

இழுத்தேன்.

மச்சினன் வந்தான்.

கை முழுசாக வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் பிழைத்துக்கொண்டான். போலீஸ் என்னைத்தான் குடைந்தது. உள்ளே இருந்தது இரண்டு பேர்தானே?

கட்டு மாற்ற வந்த டாக்டர் எந்தப் பாலம் என்று கேட்டார். சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போன மாசம் அங்கேர்ந்து ஒரு கொத்தனாரக் கொண்டுவந்தாங்க. பாலத்துக்குள்ள தட்டிப் பாக்கும்போது மேல்தளத்துல ஒரு துண்டு பேந்து அவர் மேல விழுந்துருச்சாம். அன்னைக்கும் அதிகாரி வர்ற நேரம். கலவையக் கொட்டி மூடிட்டாங்க. வீட்டு ஆளுங்க வந்து கத்தின பிறகுதான் தோண்டி எடுத்தாங்க."

"செத்த பிறகுதானே டாக்டர் மூடினாங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உடம்ப அறுத்துப் பாத்தது நான்தான். நுரையீரல் பூரா சிமென்ட். செத்தவன் மூச்சு இழுக்கமாட்டான்."