மரக்கட்டை மோரிசுக்கு யூனுஸ் பாய் சொன்ன விலை

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் யூனுஸ் பாய் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். பழைய காரை வாங்குகிறவரும் விற்கிறவரும் விலையில் ஒத்துப்போகாவிட்டால் கடைசியில் அந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவர் சொன்ன விலையை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்வது என்று முதலிலேயே பேசிவிடுவார்கள். அதற்குப் பிறகு பேரம் கிடையாது.

யூனுஸ் பாய் புரோக்கர் இல்லை. வண்டி எத்தனை லட்சத்துக்குப் போனாலும் அவருக்கு ஒரே கூலிதான். அதையும் வாங்குகிறவர் பாதி, விற்கிறவர் பாதி என்று தர வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், உக்கடத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் தகரம் தட்டப் போனார். தட்டித் தட்டியே காது பழகிவிட்டது. அடிபட்ட தகரம் ஒரு மாதிரி பேசும், அடிபடாத தகரம் வேறு மாதிரி பேசும் என்பார். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. தோள்வலி வந்து சுத்தியலைக் கீழே வைத்த பிறகு, ஆண்டவன் இந்தக் காதை வைத்தே சோறு போடுகிறான் என்று சொல்லிக்கொள்வார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. விலை சொல்லி முடிக்கிற வரை வண்டிக்காரர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டால் நாக்கு அந்த வீட்டுப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. கொங்கு நாட்டில் இது லேசான காரியமா? படியேறினதும் சொம்புத் தண்ணீரை நீட்டுகிற ஊர் இது. அதை வாங்காமல் நிற்பதைப்போல ஒரு அவமரியாதை வேறு இல்லை. அதனால் போகிற வீட்டுக்கு முதல் நாளே போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவார். அவர் மனைவி சஃபியா தினமும் ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பார்.

"ஊரெல்லாம் விருந்து வெக்கக் காத்துக் கெடக்குது. நீங்க என்னடான்னா பாட்டிலோட போறீங்க" என்று அன்றைக்கும் சஃபியா சொன்னார்.

"வெலை சொல்லிப்போட்டுச் சாப்புடறேன்ல?"

"வெலையக் கேட்டதுக்கப்புறம் எவன் சோறு போடறான்?"

யூனுஸ் சிரித்துக்கொண்டே பாட்டிலைப் பையில் வைத்தார். அது பெரும்பாலும் உண்மைதான்.

அன்றைக்குப் போக வேண்டிய இடம் கிணத்துக்கடவு. அங்கே லட்சுமணசாமி என்கிற தென்னந்தோப்புக்காரரிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. சாதாரண மோரிஸ் இல்லை. பின்பாதி முழுக்க மரச்சட்டம் போட்டுக் கட்டிய வண்டி. வால்பாறை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது லட்சுமணசாமியின் அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனது. அக்கம்பக்கத்தில் அதற்கு மரக்கட்டை வண்டி என்றுதான் பேர். இந்த மாதிரி வண்டியை யூனுஸ் தன் வாழ்நாளில் இரண்டு முறைதான் பார்த்திருந்தார்.

வாங்க வந்தவர் கதிரேசன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறவர், நாற்பது வயதுக்காரர், தன்மையான மனிதர். யூனுஸ் பஸ்ஸை விட்டு இறங்கித் தோப்புக்குள் நடந்து போனபோது அவர் ஏற்கனவே வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், பன்னெண்டு லச்சம் சொல்றாருங்க. எனக்குச் சம்மதந்தான். ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா மனசுக்கு நிம்மதி" என்றார்.

லட்சுமணசாமி அறுபதை நெருங்குகிறவர். யூனுஸை மட்டும் தனியாகத் தொட்டி ஓரம் அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் உள்ள தென்னந்துண்டு அவர் தம்பியின் பங்கு. தம்பி காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கிறார். பன்னிரண்டு லட்சம் கொடுத்தால் துண்டை அண்ணனுக்கே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் கல்யாண மண்டபம் கட்டுகிறவர் ஒருவர் கையில் பணத்தோடு நிற்கிறார்.

"அந்த மரமெல்லாம் எங்கூட்டுக்காரி கன்னு வெச்சதுங்க. மண்டபம் வந்துச்சுன்னா சமையக்கட்டு சன்னலுக்கு நேரா செவுருதான். அதனாலதான் இந்த வண்டியக் குடுக்கறேன். இல்லாட்டிக் குடுப்பனுங்களா?"

யூனுஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போது லட்சுமணசாமியின் மனைவி வெங்கடம்மாள் சொம்போடு வந்தார். "வாங்க பாய், தண்ணி குடிங்க. சந்தகை புழிஞ்சு வெச்சிருக்கேன், தேங்காப்பாலும் ஆச்சு. மொதல்ல சாப்புட்டுப் போட்டு அப்பறம் வண்டியப் பாக்கலாமுங்க."

யூனுஸ் லட்சுமணசாமியைப் பார்த்தார். லட்சுமணசாமி மரத்தைப் பார்த்தார். போனில் சொன்னதை மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வெலை சொல்ற வரைக்கும் நான் எந்த ஊட்லயும் வாய் நனைக்கறதில்லீங்க. நம்ம சொந்தக்காரங்க ஊடா இருந்தாலும் அப்படித்தான்."

வெங்கடம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. கணவரிடம் திரும்பி வீட்டுத் தெலுங்கில் ஏதோ கேட்டார். அவர் அதே தெலுங்கில் முனகினார். உக்கடத்துப் பட்டறையில் அந்தப் பேச்சு யூனுசுக்குக் கொஞ்சம் பழக்கம்தான். இருந்தாலும் புருஷன் பெண்டாட்டி பேச்சு நம் காதுக்கு எதற்கு என்று கார் பக்கம் நடந்துவிட்டார்.

பின்னாலேயே வெங்கடம்மாளின் குரல் வந்தது. "அப்படின்னா சீக்கிரம் வெலையச் சொல்லுங்க பாய். சந்தகை ஆறுனா ரப்பர் மாதிரி ஆயிப்போகும்."

கார் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. உடம்பெல்லாம் பால் வெள்ளை, மரச்சட்டமெல்லாம் காப்பிக்கொட்டை நிறம். பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

"எப்பங்க அடிச்சீங்க?"

"போன மாசந்தானுங்க" என்றார் லட்சுமணசாமி பெருமையோடு. "விக்கற பொருளை அப்படியேவா காட்டறது? காளையச் சந்தைக்கு ஓட்டறதுன்னா குளிப்பாட்டிக் கொம்பு சீவிச் சாயம் அடிச்சுத்தான ஓட்டுவோம். பொள்ளாச்சியில இருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து, காசு போனாப் போகுதுன்னு பண்ணிப்போட்டேன்."

யூனுஸ் புதுப் பெயிண்டை விரலால் தடவிப் பார்த்தார். இந்த மாதிரி வண்டியில் துரை வைத்திருந்த பழைய பெயிண்டும், பளபளப்பு மங்கிய சீமை மரமும்தான் காசு. நிறம் வெளுத்திருந்தால்கூட விலை ஏறும். காளைக்குப் பொருந்துகிறது காருக்குப் பொருந்தாது என்று இந்த மனிதருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பானெட்டைத் திறந்து பார்த்தார். என்ஜின் வண்டியோடு பிறந்ததேதான். நம்பர் சரியாக இருந்தது. கீழே படுத்துத் தரைத்தகரத்தைத் தட்டினார். நல்ல சத்தம். பிறகு மரத்துக்கு வந்தார். வலது பக்கத்தை விரல் முட்டியால் தட்டினார். கிண்ணென்று இருந்தது. இடது பக்கம் பின்சக்கரத்துக்கு மேலே தட்டினபோது சத்தம் அமுங்கிப்போனது. பஞ்சுத் தலையணையில் தட்டினதுபோல இருந்தது. இன்னொரு முறை தட்டினார். அதேதான்.

இந்த வண்டியில் மரம் அழகுக்கு வைத்ததில்லை. பின்பக்கக் கூரையையும் கண்ணாடியையும் தாங்குவதே அதுதான். உள்ளே உளுத்து, மேலே பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது பின்பாதி இறங்கிவிடும். ஆனால் சுரண்டிப் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது. தட்டினது அவர் மட்டும்தான். கேட்டதும் அவர் காது மட்டும்தான். கதிரேசன் பன்னிரண்டுக்குத் தயார். விற்கிறவருக்குத் துண்டு கிடைக்கும். நான் மேலே பார்த்தேன், நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பொய்கூட ஆகாது.

நேரம் ஒன்றரை ஆகியிருந்தது. "லுஹர் தொழுதுட்டு வந்துடறேனுங்க" என்றார்.

வெங்கடம்மாள் மாமரத்தடியைக் கூட்டி, உள்ளேயிருந்து ஒரு புதுப் பாயைக் கொண்டு வந்து விரித்தார். யூனுஸ் தொழுகைக்கு முன்னால் குழாயடியில் ஒளு செய்ய உட்கார்ந்தார். கையைக் கழுவி, தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினபோது, வெங்கடம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க பாய், அது எங்கூட்டுத் தண்ணி இல்லீங்களா?"

யூனுஸ் திகைத்துப்போய், "துப்பிட்டேனுங்கக்கா" என்றார்.

"நெம்பக் கண்டிப்பான ஆளுதான்" என்று சொல்லிவிட்டு வெங்கடம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதிரேசன் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

தொழுகையில் நின்றபோது யூனுசுக்கு மனம் நிலைக்கவில்லை. ஓதுகிற வாய் ஓதிக்கொண்டிருக்க, உள்ளே பன்னிரண்டு, பன்னிரண்டு என்று ஓடியது. பாயில் புது கோரை வாசம் அடித்தது. இந்தப் பாயை விரித்தவரின் சன்னலுக்கு நேரே ஒரு சுவர் எழும்பப் போகிறது. ஸஜ்தாவில் நெற்றி வைத்தபோது, யா அல்லாஹ், நான் சோற்றுக்குத்தான் பயந்தேன், ஒரு பாய் விரிப்புக்கே இப்படிச் சாய்கிறேனே என்று நினைத்துக்கொண்டார். துஆ கேட்டு முடித்து எழுந்தபோது கொஞ்சம் தெளிவாக இருந்தது.

நேராகக் காரிடம் போனார். மூன்று பேரும் நிற்கும்போதே கேட்டார்.

"இந்த எடது பக்கம் உள்மடிப்புல ஒரு விரக்கடை சுரண்டிப் பாக்கட்டுங்களா?"

"புதுப் பெயிண்டுங்க பாய்" என்றார் லட்சுமணசாமி.

"தெரியுமுங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாம். ஆனா சுரண்டாம நான் வெலை சொல்ல மாட்டேன்."

தோப்பில் ஒரு மட்டை விழுந்தது. வெங்கடம்மாள்தான் சொன்னார். "சுரண்டட்டும் விடுங்க. தண்ணியக்கூட முழுங்காத மனுசன். எதாச்சு இருக்கப் போயித்தான கேக்கறாரு."

யூனுஸ் சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியால் சுரண்டினார். காப்பிக்கொட்டை நிறம் உரிந்தது. அடியில் வெள்ளைப் பட்டி. பட்டியை நெம்பினதும் ஈரத் தேங்காய் மஞ்சியைப்போல மரம் பொலபொலவென்று கையில் கொட்டியது. லட்சுமணசாமி அதை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். அவருக்கு இது தெரியாது என்பதில் யூனுசுக்குச் சந்தேகமே இல்லை. பெயிண்ட் அடித்தவன் மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

"இப்படிப் பெயிண்ட் அடிக்காம, மரமும் திடமா இருந்திருந்தா பதிமூணுகூடச் சொல்லியிருப்பேனுங்க" என்றார் யூனுஸ். "எடது பக்கச் சட்டம் முழுசா மாத்தணும். அந்தச் சீமை மரத்தைத் தேடிப் புடிச்சு வேலை செய்ய மூணு ஆகும். பழைய பெயிண்டு போனது போனதுதான், அதுக்கு ரெண்டு. எட்டுங்க. என் வெலை எட்டு லச்சம்."

லட்சுமணசாமி தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "நானே அடிச்சுக் கெடுத்துப்போட்டேனுங்களா?"

"மரம் முன்னாடியே உளுத்துப்போச்சுங்க. அது உங்களாலயில்ல. பெயிண்டு மட்டுந்தான் உங்க கை."

"அது போதுமே" என்றார் அவர்.

கதிரேசன் காரை ஒரு முறை பார்த்தார். "எனக்கு அந்தப் பளபளப்பப் பாத்துத்தான் ஆசையே வந்துச்சுங்க பாய். பரவால்ல, எட்டுன்னா எட்டு. மரவேலைக்கு ஆளு நீங்கதான் காட்டணும்." பிறகு லட்சுமணசாமியிடம் போய், "நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார்.

"யோசிக்க என்னங்க இருக்குது? பேசுனது பேசுனதுதான்" என்றார் லட்சுமணசாமி.

வெங்கடம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். பின்பக்கம் தென்னந்துண்டு இருக்கிற திசையில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணவரிடம், "எட்டுக்கு எத்தனை வருதோ அத்தனை எழுதித் தரட்டும். ஊட்டை ஒட்டுனாப்புல உள்ள வரிசை போதும். நானே கொழுந்தனார்கிட்டப் பேசறேன்" என்றார்.

யூனுஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். சஃபியா சொன்னது சரிதான், இனி இங்கே என்ன இருக்கிறது என்று படியிறங்கப் போனவரை வெங்கடம்மாள் நிறுத்தினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"இல்லீங்கக்கா, நேரமாச்சு..."

"வெலை சொல்லிப்போட்டீங்கல்ல? அப்பறம் என்ன? உக்காருங்க. பால் ஆறிப்போச்சு, மறுக்காச் சுட வெக்கறேன்."

இலை போட்டார். இடியாப்பம்போலப் பிழிந்த சந்தகை கொஞ்சம் விறைத்துத்தான் போயிருந்தது. யூனுஸ் பிஸ்மில்லா சொல்லி முதல் வாய் எடுத்து வைத்தார். ஏலக்காய் தட்டிப்போட்ட தேங்காய்ப்பால் அந்தத் தோப்புத் தேங்காயில் எடுத்தது. வெங்கடம்மாள் எதிரே நின்று இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டதற்கு அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கதிரேசனும் லட்சுமணசாமியும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் நாலு தேங்காயும், திறக்காத தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் சஃபியா பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எவனோ சோறு போட்டிருக்கான்" என்றார்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் போன் வந்தது. வெங்கடம்மாள். "மண்டபக்காரரு செவுரு கட்ட ஆரமிச்சுட்டாருங்க பாய். அந்தக் கடைசியில எழும்புது. சன்னல்ல இருந்து பாத்தா மொதல்ல நம்ம மரந்தான் தெரியுது, பொறவுதான் செவுரு."

"அல்ஹம்துலில்லாஹ். சந்தோசமுங்கக்கா."

"சந்தோசம்னு என்னத்தச் சொல்றது. பாதி போச்சு, பாதி இருக்குது. அதை உடுங்க. வெள்ளிக்கெழமை தவுத்து எந்த நாளாச்சும் உங்கூட்டம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. இந்தத் தடவை எங்ககிட்ட விக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நேரா எலைக்கு வந்துருங்க."