பாதியாகப் போய்ச் சேர்ந்த யோசனை

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு முறுக்குக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். அடுப்படி ஒரு மூலையில், எங்கள் மேசை மறு மூலையில். தட்டுகளைச் சுமந்தே கை ஓய்ந்துவிடும். மேசையை அடுப்படிக்கு அருகே கொண்டுவந்து, முறுக்கை மின்விசிறியில் நன்றாக ஆறவைத்து பேக் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. முதலாளி முன் பேசக் கூச்சம். அதனால் சூப்பர்வைசர் செல்வத்திடம் எல்லாவற்றையும் விளக்கி, “நீங்களே சொல்லிருங்கண்ணே” என்றேன்.

மறுநாளே மேசை மாறியது, மின்விசிறி வரவில்லை. சூட்டோடு பேக் செய்யச் சொன்னார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாண ஆர்டர் ஒன்று வண்டியில் ஏறும்போதுதான் பார்த்தேன், பாக்கெட்டுக்குள் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பிரித்துக் கடித்தால் முறுக்கு நமுத்துப்போயிருந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். முதலாளி ஓடிவந்தார்.

“யாரு யோசனை இது?”

செல்வம் அண்ணன் தலை குனிந்துகொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“என் யோசனைதான் மொதலாளி. ஆனா உங்ககிட்ட வந்தது பாதிதான். முழுசாக் கேளுங்க” என்று அத்தனையும் சொன்னேன்.

“இம்புட்டையும் ஏம்மா மொதல்லயே சொல்லல?” என்றார்.

புதிதாகச் சுட்டு, ஆறவைத்து, சாயங்காலம் அனுப்பினோம். இன்று மேசைக்கு மேல் இரண்டு மின்விசிறிகள் ஓடுகின்றன. நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான்.

இப்போதும் செல்வம் அண்ணன், “என்னன்னு சொல்லும்மா, நான் மொதலாளிகிட்ட சொல்லிர்றேன்” என்பார்.

“வேணாம்ணே, நானே வாரேன்” என்று அவருக்கு முன்னால் நடப்பேன்.