என்னைக் காணாத கசற்

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஹைஸ்கூல் படித்தேன். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற கனடியன் ஃபுட்போலில் எங்கள் பள்ளியின் ஓட்டக்காரன் நான்தான். ஒரு சனிக்கிழமை என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. மூன்று தடவை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தேன்.

அதை வீடியோ எடுக்க அப்பா கூட்டிவந்தவர், கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் ரவி அண்ணை. மாலையில் மில்லிக்கன் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருக்கக் கசற்றைப் போட்டோம். என்னைக் காணவே இல்லை. எனக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து தடியன்களின் முகங்கள்தான் திரை முழுக்க.

“என்ன அண்ணை, நான் எங்கை?”

“நீ ஓடின ஓட்டம் கமராவுக்கை நிக்கேல்லைத் தம்பி. கலியாண வீட்டிலை மாப்பிளையை மட்டும் எடுத்தாச் சனம் ஏசும். அதுதான் எல்லாரையும் எடுத்தனான்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் திரையில் அதைக் கண்டேன். அந்த ஐவரில் ஒருவனான மார்க்கஸ், தன்னைவிடப் பெரியவனை நெஞ்சால் தள்ளிக்கொண்டே சேற்றில் விழுகிறான். தூரத்தில் ஆரவாரம் கேட்கிறது. நான் கோட்டைத் தாண்டிவிட்டேன். விழுந்த இடத்திலிருந்தே தலையைத் திருப்பி, நான் போன திசையைப் பார்த்துச் சிரிக்கிறான், தானே ஓடி முடித்தவன் போல.

முன்னால் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, பின்னால் இப்படியொரு முகம் இருந்தது தெரியாது.

“அண்ணை, அந்த இடத்தை ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ” என்றேன்.

அந்தக் கசற் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று நான் நன்றாக ஓடினேன் என்பதற்கு, நான் இல்லாத அந்தப் படம்தான் சாட்சி.