தஞ்சாவூர் ஜில்லா, கட்டுமாவடி

பஸ் நிறுத்தத்தில் ஊர்ப்பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது.

அன்றும் பலகை ஈரமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரைத் தஞ்சாவூரிலிருந்து பிரித்துப் புதுக்கோட்டையோடு சேர்த்த புதிது. பள்ளிக்கூடத்தில் புது மாவட்டத்தின் பெயரைப் பத்து முறை எழுதவைத்திருந்தார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் கையிலிருந்த கசங்கிய தாளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தங்கச்சி, இது தஞ்சாவூர் ஜில்லா கட்டுமாவடிதானே?"

"இல்லக்கா, புதுக்கோட்டை மாவட்டம்" என்றேன் பெருமையாக.

"அப்ப இது வேற ஊரு போல." கண்டக்டர் விசிலடிக்க, அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். என் அக்காவைக் கைக்குழந்தையிலேயே இலங்கையிலிருந்த பிள்ளையில்லாத பெரியம்மாவுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"புருவத்துல தழும்பு இருந்துச்சாடி?"

இருந்தது.

அம்மா நிறுத்தத்துக்கு ஓடினாள். அதன்பின் சாகும்வரை, பஸ் வரும் நேரமெல்லாம் அங்கேதான் நின்றாள்.

"எங்கிட்டுப் போகணும்ங்க?" என்று இப்போது பெயிண்டர் கேட்டார்.

"எங்கயும் போகலைங்க. எறங்குறவங்களப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவேன்."