டிஸ்க்குக்கு உறவு ஆகாது

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கின் முதுகில் இருந்த தயாரிப்பு எண்ணைப் படித்தார் அப்பா. முந்தைய கடையில் வாங்கியதோடு ஒப்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க சப்ரி. ஒண்ணு செத்தா மத்ததும் பின்னாலயே போயிடும். உறவில்லாததா ஒண்ணு குடு."

"டிஸ்க் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா உஸ்தாத்?" என்றார் கடைக்காரர் சப்ரி.

பாப் அல்லூக் சந்தையில் அன்று நானும் அப்பாவும் நான்கு கடை ஏறி நான்கு டிஸ்க் வாங்கினோம். நான்கையும் ரெய்டு முறையில் ஒரே கிடங்காகக் கட்டினால், ஒன்று போனாலும் மற்ற மூன்றிலிருந்து எல்லாம் மீளும். இரண்டு சேர்ந்து போனால் எதுவும் மிஞ்சாது. அப்பாவின் கிடங்கில் எங்கள் பேட்டையான ஷுப்ராவின் முப்பது வருடக் கல்யாணங்கள் இருந்தன. எல்லாம் அவர் பிடித்த வீடியோ. கணவனை இழந்தவள் வந்து, மாப்பிள்ளையாக அவன் ஆடிய ஆட்டத்தைக் கேட்பாள். தேடிக் கொடுப்பார். ஆட்டத்தைக் குறை சொல்லாமல் அனுப்பமாட்டார்.

சென்ற வருடம் டிஸ்க்குகள் நலமாக இருக்க, அவற்றை ஆளும் கன்ட்ரோலர் கார்டு எரிந்துபோனது. வேறு ரகக் கார்டு எதுவும் அவற்றைப் படிக்கவில்லை. அதே ரகம் பழைய சாமான் கடையில் கிடைக்கும்வரை ஷுப்ராவில் ஒருவருக்கும் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

கார்டே வேண்டாம், சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்றேன். நான் படித்த படிப்பு அது.

"உன் சாஃப்ட்வேரைக் கையில புடிச்சு உலுக்க முடியுமா, என்ஜினியரம்மா?"

ஆகவே டிஸ்க்குகள் அந்நியர்களாகவும் கார்டுகள் இரட்டைப் பிள்ளைகளாகவும் இருக்கவேண்டும் என்று முடிவானது. கார்டு ஒன்று வேலைக்கு, ஒன்று அலமாரிக்கு. சப்ரியிடம் ஒன்றுதான் இருந்தது. மற்றது வந்ததும் வீட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். அது கைக்கு வரும்வரை அப்பா கிடங்கின் பக்கத்தில் யாரையும் தும்மவிடவில்லை.

வந்துவிட்டது என்று சப்ரி சொன்ன மாலை, அப்பா எங்கள் நான்காம் மாடி பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடையைத் தெருவுக்கு இறக்கினார். கயிற்றைக் கம்பியில் முடிந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

சப்ரி கார்டைக் கூடையில் வைத்து, கயிற்றை ஆட்டி, "தூக்குங்க உஸ்தாத்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கப்படி சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். கீழே ரொட்டிக்கடைக்காரர், தூசி படாமல் கூடையின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறார். கயிற்றை இன்னும் யாரும் இழுக்கவில்லை.