வாடிவாசல் மண்

என் தம்பி காளைக்குப் பயப்பட மாட்டான். ஊசியைக் கண்டால்தான் தொடை நடுங்கும். அலங்காநல்லூரை அடுத்த எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அந்தப் பொங்கலுக்கு லீவில் வந்திருந்தேன்.

ஜல்லிக்கட்டு முடிந்து வந்து உட்கார்ந்தவன், சோற்றுக்கு ஸ்பூன் கேட்டான்.

"என்னடா, கலெக்டர் ஆயிட்டியா?" என்று அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பினேன். மணிக்கட்டுக்கு மேலே கொம்பு குத்திய ஓட்டை. அதற்குள் மண் அடைத்துக் காய்ந்திருந்தது.

"ரத்தத்தைப் பாத்தா களத்தை விட்டு வெளிய அனுப்பிருவாங்கக்கா. அதான் வாடிவாசல் மண்ணை அள்ளி அப்பிட்டேன். சாமி மண்ணு, ஒண்ணும் செய்யாது."

முதுகில் ஒன்று வைத்தேன். அத்தனை மாடும் சாணி போட்டு மிதித்த மண் அது. டெட்டனஸ் கிருமி அந்த மாதிரி மண்ணில் விதைபோல வருஷக்கணக்கில் உறங்கும். காற்றுப் பட்டால் வளராது. ஆழமான காயத்துக்குள் தள்ளி மேலே மண்ணும் வைத்து மூடினால், அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது போலத்தான். அங்கேயே பெருகி, விஷத்தை மட்டும் நரம்பு வழியே அனுப்பும். முதலில் தாடை இறுகும். முற்றினால் மூச்சும் நிற்கும்.

"இம்புட்டு மண்ணுக்குள்ளயா?" என்று சிரித்தான். கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டாய் என்றதற்கு, "ஸ்கூல்ல போட வந்தப்ப செவரேறிக் குதிச்சிட்டேன்ல" என்றான், பெருமையாக.

ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் காயத்தைத் திறந்து கழுவியபோது மண்ணோடு ஒரு வைக்கோல் துண்டும் வந்தது. விஷத்தை முறிக்க ஒரு ஊசி, இனிமேலுக்கு ஒரு ஊசி. இரண்டுக்கும் என் தோளைப் பிடித்துத் தொங்கினான்.

"இது திமில் இல்லடா, விடு" என்றேன்.

ஊசி போட்டாலும் வரவே வராது என்று அடித்துச் சொல்ல முடியாது. மூன்று வாரமாவது பார்க்க வேண்டும். மதுரைக்குத் திரும்பியபின் தினமும் காலையில் வீடியோ காலில் கூப்பிட்டு, "வாயைத் திற" என்பேன். உள்நாக்கு தெரியத் திறந்து காட்டுவான். பத்தாம் நாள், "தாடை வலிக்குதுக்கா, தொறக்க முடியல" என்றான்.

"இரு, வாரேன்" என்று லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பினேன். வழியெல்லாம் மனசு கெட்டதையே நினைத்தது.

பம்புசெட் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு குவியல் கரும்புச் சக்கை. பொங்கலுக்கு வாங்கிய கரும்புக் கட்டின் மிச்சத்தை மூன்று நாளாக ஒற்றை ஆளாய்க் கடித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறான். வலிக்காமல் என்ன செய்யும்? வாயைத் திறக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே முழுதாகத் திறந்தான்.

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அழுகை வந்துவிட்டது. அவன் முன்னால் நான் அழுததே இல்லை. அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, நான் செத்துருவேனா?"

"மாட்டடா" என்றேன். இன்னும் பதினோரு நாள் பாக்கி இருந்தது, எனக்கே உறுதியில்லை. அவன் அப்படியே நம்பிவிட்டான். கையிலிருந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்து, இனிப்பான அடித்துண்டை என்னிடம் நீட்டினான்.